கழற்றுபவருக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

கார் உற்பத்தி நிறுவனங்களின் வடிவமைப்பு, உற்பத்திப் பிரிவுகளை நடத்தும் தலைமைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் துறையிலேயே வேலை கற்றவன். கார் உடலைப் பற்றவைக்கும் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டு, ஓடி முடித்த கார்களைப் பிரித்தெடுக்கும் கூடம் ஒன்றின் பொறுப்பை ஏற்று இப்போது 7 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கார் எப்படி உருவாகிறது என்பதையும், அதே கார் பல ஆண்டுகள் கழித்து எந்த நிலையில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்கிறது என்பதையும் கண்ணால் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

டிஜிட்டல் தொழில்நுட்பத்தையும் சுற்றுச்சூழல் பொறுப்பையும் நீங்கள் இப்போது ஒரே மூச்சில் பேசுகிறீர்கள். இரண்டும் உங்கள் ஆலைகளை மெய்யாகவே மாற்றியிருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த மாற்றம் ஆலையின் வெளிவாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் முறையீடு.

எங்கள் கூடத்தின் ஒரு சாதாரண வேலையைச் சொல்கிறேன். டேஷ்போர்டைக் கழற்றியதும் அதன் பின்னால் கறுப்பு நாடா சுற்றிய வயரிங் கட்டு ஒன்று, கட்டைவிரலைவிடத் தடிமனாகத் தெரியும். என்ஜின் பக்கமிருந்து ரப்பர் வளையம் ஒன்றின் வழியாக உள்ளே வரும் அந்தக் கட்டு, தரைவிரிப்புக்கு அடியில் ஓடி, கதவுத் தூண்களுக்குள் புகுந்து, பின்விளக்கு வரை போகிறது. அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் உள்ளே போவதற்கு மட்டுமே வழிவிடும். வெளியே வர விடாது. ஆலையில் விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் ஒரு நொடியில் உட்கார்ந்துவிடும் கிளிப்பை, இங்கே தேடிக் கண்டுபிடித்து வெட்டினால்தான் கம்பி விடுபடும். எத்தனை கிளிப்புகள், எந்தத் தகட்டுக்குப் பின்னால் என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. கைதேர்ந்த ஆளே ஆனாலும் முழு வயரிங்கையும் உருவி எடுப்பதற்குச் செலவாகும் நேரம், அதிலிருந்து கிடைக்கும் செம்பின் விலைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கைக்கு எட்டியதை வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடலோடு சேர்த்து நொறுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுகிறோம். மனம் ஒப்பிச் செய்யும் வேலை அல்ல இது.

அப்படி உள்ளே தங்கிவிடும் செம்பு என்ன செய்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்; இருந்தாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் காரில் 20 கிலோவுக்கு மேலும், மின்சாரக் காரில் 80 கிலோ அளவுக்கும் செம்பு இருக்கிறது. நொறுக்கிய துண்டுகளிலிருந்து இரும்பைக் காந்தம் பிரித்தெடுக்கும்போது, சிறு மோட்டார்களின் இரும்பு மையத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியும், தகட்டு மடிப்பில் சிக்கிய வயரும் இரும்போடு ஒட்டிக்கொண்டே உலைக்குப் போய்விடுகின்றன. உருகிய எஃகில் ஒருமுறை கலந்துவிட்ட செம்பை இன்றைய உருக்காலைகளின் வழக்கமான முறைகளால் பிரிக்க முடியாது. எஃகைச் சூடாக உருட்டும்போது அந்தச் செம்பு மேற்பரப்பில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. கட்டுமானக் கம்பி 0.4 சதவீதம் வரை செம்பைத் தாங்கிக்கொள்ளும். கார்க் கதவாக அழுத்தி வளைக்கும் மெல்லிய தகட்டுக்கோ 0.06 சதவீதமே எல்லை. இதனால்தான் பழைய காரின் எஃகு பெரும்பாலும் புதுக் காராக ஆகாமல் கான்கிரீட்டுக்குள் கம்பியாகப் போய் முடிகிறது. காருக்கான தகட்டை மறுபடியும் இரும்புத் தாதிலிருந்தே தொடங்கி ஊது உலையில் உருக்கி எடுக்கிறோம். அந்த வழியில் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு காரில் சராசரியாக 900 கிலோ எஃகும் இரும்பும் இருக்கின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கும் முயற்சிகளை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஸ்வீடனின் ஹைப்ரிட் (HYBRIT) என்ற எஃகுத் திட்டம் அப்படிச் செய்த எஃகின் முதல் தொகுதி 2021 ஆகஸ்டில் வோல்வோ குழுமத்துக்கு அனுப்பப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். ஆனால் அதற்குத் தேவைப்படும் மின்சாரமும் முதலீடும் மிகப் பெரியவை. ஒரு கிளிப்பை இரு திசையிலும் வழிவிடுமாறு வடிவமைப்பதற்கும், வயரிங்கை ஓரிடத்தில் பிடித்து இழுத்தால் முழுவதும் வரும்படி பாதை அமைப்பதற்கும் அத்தனை செலவு ஆகாது.

உங்களால் இது முடியும் என்பதை உங்கள் சாதனைகளைக் கொண்டே சொல்கிறேன். 1913-இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் ஃபோர்டு நிறுவனம் நகரும் அசெம்பிளி லைனை அமைத்தபோது, 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) பொருத்தும் வேலை ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தது. அந்த யோசனையின் வேர் எங்கே இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மேலே தொங்கும் கப்பியில் மாட்டுடல் நகர்ந்து செல்ல, ஒவ்வொருவரும் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் முறையிலிருந்தே பொதுவான எண்ணம் பிறந்தது என்று ஹென்றி ஃபோர்டே எழுதியிருக்கிறார். பிரிக்கும் வரிசையைப் பார்த்துத்தான் பொருத்தும் வரிசை வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொருத்துவதிலேயே கவனம் முழுவதையும் வைத்துவிட்டோம்.

இன்று உங்கள் கையில் இருக்கும் கருவியோ ஃபோர்டின் காலத்தில் நினைத்தே பார்க்க முடியாதது. பிஎம்டபிள்யூ நிறுவனம் ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் கட்டிய ஆலையில், உண்மையான உற்பத்தி தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே, 2023 மார்ச்சில், டிஜிட்டல் இரட்டையில், அதாவது அந்த ஆலையை அப்படியே கணினிக்குள் கட்டிய மாதிரியில், உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. எந்த ரோபோவின் கை எந்தத் தூணில் இடிக்கும், எந்தத் தொழிலாளி எந்த போல்ட்டுக்காக எவ்வளவு குனிய வேண்டும் என்பதெல்லாம் கான்கிரீட் போடும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரு கார் ஆலையில் அதிக ஆற்றலை விழுங்குவது பெயின்ட் ஷாப்; அங்கே வண்ணத்தை உலர்த்தும் அடுப்புகளுக்கு எரிவாயுவை எரிப்பதே வழக்கமாக இருந்தது. டெப்ரெட்சென் அதை மின்சாரத்துக்கு மாற்றியது. பற்றவைப்புப் பிரிவில் இருந்த காலத்தில் அந்த அடுப்புகளின் வெக்கையை நான் கடந்து போயிருக்கிறேன். அவை புகையில்லாமல் இயங்கும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இவ்வளவையும் கணிக்கத் தெரிந்த டிஜிட்டல் இரட்டையிடம், இந்தக் காரை எந்த வரிசையில் கழற்றுவது, எவ்வளவு நேரத்தில் கழற்றலாம் என்ற கேள்வியை மட்டும் ஏன் கேட்பதில்லை? போல்ட்டைச் சேர்க்கும் அசைவை ஒத்திகை பார்க்கும் அதே மென்பொருளில், அதை எடுக்கும் அசைவையும் ஒத்திகை பார்க்கலாம். வடிவமைப்பு இறுதியாகும் முன், வயரிங்குக்கு இத்தனை நிமிடம், பேட்டரிக்கு இத்தனை நிமிடம், மோட்டாருக்கு இத்தனை நிமிடம் என்று கழற்றும் நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். பொருத்தும் நேரத்தில் ஒரு நொடி கூடினால் கூட்டம் போட்டு விவாதிக்கும் உங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஐஎம்டிஎஸ் என்ற தரவு அமைப்பில், உங்களுக்கு உதிரிபாகம் தருபவர்கள் அந்தப் பாகத்தில் என்னென்ன பொருள், எத்தனை கிராம் என்று பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலேயே இருந்துவிடுகிறது. கார்களைப் பிரிப்பவர்களுக்காக நீங்கள் சேர்ந்து நடத்தும் ஐடிஐஎஸ் தளமும் இருக்கிறது. ஏர்பேக்கை எப்படிச் செயலிழக்கச் செய்வது, எண்ணெயை எங்கே வடிப்பது, உயர் மின்னழுத்தத்தை எப்படித் துண்டிப்பது என்பவற்றுக்கு நாங்கள் அதையே நம்பியிருக்கிறோம், அதற்கு நன்றி. ஆனால் பாதுகாப்பாகப் பிரிப்பதற்குத் தேவையான தகவல் வேறு. பொருள் வீணாகாமல் பிரிப்பதற்குத் தேவையான தகவல் வேறு. எந்தச் சிறு மோட்டாரின் காந்தத்தில் நியோடிமியம் என்ற அரிய உலோகம் இருக்கிறது, எந்தக் கதவின் எந்த அடுக்கு அலுமினியம் என்பதெல்லாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஐரோப்பாவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2015 முதல் காரின் எடையில் 95 சதவீதம் மீட்கப்பட வேண்டும் என்றது. எடையை மட்டும் அளந்தால் கிராம் கணக்கில் இருக்கும் அரிய உலோகங்கள் கணக்கிலேயே வராது.

இந்த வகையில் எனக்கு நம்பிக்கை தருவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை. அதன்படி 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே சந்தைக்கு வரும் மின்சாரக் கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஜிட்டல் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். கழற்றும் வரிசை, பாகங்களைப் பிணைத்திருக்கும் முறைகளின் வகையும் எண்ணிக்கையும், தேவையான கருவிகள், எச்சரிக்கைகள் எல்லாம் அதற்குரிய தேவை உள்ளவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இதைப் படித்தபோது, எங்கள் கூடத்துக்கு வந்து பார்த்த ஒருவர் எழுதியது போலவே எனக்குத் தோன்றியது. பேட்டரிக்கு முடியும் என்றால் முழுக் காருக்கும் முடியும். சட்டம் கட்டாயப்படுத்தும் வரை, சட்டம் செல்லுபடியாகும் எல்லைக்குள் மட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடவுச்சீட்டு இருந்தாலும் பசையை அது கரைத்துவிடாது. பேட்டரி செல்களைப் பசையால் ஒட்டி, இடைவெளிகளில் நுரையை நிரப்பி, மொத்தத்தையும் காரின் அடிச்சட்டமாகவே ஆக்கும் போக்கு வளர்ந்து வருகிறது. எடை குறைகிறது, உறுதி கூடுகிறது என்ற உங்கள் காரணங்கள் நியாயமானவை. ஆனால் ஒரேயொரு செல் கெட்டுப்போன பேட்டரியை நாங்கள் திறக்க முடியாமல் முழுதாக நொறுக்க அனுப்பும்போது, நன்றாக இருக்கும் மற்ற செல்களும் அதோடு போகின்றன. அலுமினியத்தில் ஒரே வார்ப்பாகப் பின்பக்க அடித்தளத்தைச் செய்வதை நான் அப்படி எதிர்க்கவில்லை. டெஸ்லா 70 அளவிலான பாகங்களுக்குப் பதிலாக வைத்த அந்த வார்ப்பு, பழுதுபார்ப்பவருக்குத் தலைவலி என்றாலும், ஒரே கலவையால் ஆன பெரிய துண்டு என்பதால் உருக்குபவருக்கு நல்லது. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்குவதற்கு, தாதிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் போன்ற அளவே போதும்.

மென்பொருள் பூட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு பக்கவாட்டில் மோதி வந்த ஒரு காரின் முகப்பு விளக்குகள் இரண்டும் கீறல்கூட இல்லாமல் இருந்தன. அதே மாடல் வைத்திருந்த ஒருவர் வாங்கிப் போய் மாட்டினார். அவர் காரின் கணினி அந்த விளக்கை அந்நியப் பொருளாகக் கண்டு ஏற்க மறுத்துவிட்டது. உற்பத்தி நிறுவனத்தின் அனுமதிக் குறியீடு இல்லாமல் அதைத் திறக்க வழியில்லை. மூன்றாம் நாள் விளக்கைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல கண்ணாடியும் சிப்பும் அலுமினியமும் இருந்த அந்த விளக்கைக் கடைசியில் நாங்கள் நொறுக்கினோம். திருட்டைத் தடுக்கவே இந்தப் பூட்டு என்பதை ஏற்கிறேன். பதிவுபெற்ற பிரிப்புக் கூடம் ஒன்று, சட்டப்படி கழிக்கப்பட்ட காரின் எண்ணைக் கொடுத்தால், அந்தக் காரின் பாகங்களை விடுவித்துத் தரும் ஏற்பாட்டை உங்கள் மென்பொருள் பிரிவால் செய்ய முடியாதா?

தகவல் இல்லாமல் வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதை நீங்களும் ஒருநாள் அனுபவித்திருக்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகள் 14-உம் நின்றுபோயின. உதிரிபாகங்களுக்கான ஆணைகளைக் கையாளும் சர்வர்களின் வட்டில் இடம் தீர்ந்துபோனதுதான் காரணம். எந்தப் பாகம் எங்கே வேண்டும் என்ற தகவல் வராததால் இயந்திரங்களும் ஆட்களும் இருந்தும் ஒன்றும் நகரவில்லை. எங்கள் கூடம் தினமும் அந்த நிலையில்தான் இயங்குகிறது.

இனி, எண்களின் நம்பகத்தன்மை. ஒவ்வொரு காரோடும் அதன் கார்பன் கணக்கையும் மறுசுழற்சிப் பங்கையும் தரத் தொடங்கியிருக்கிறீர்கள். வெளியாள் சரிபார்க்க முடியாத எண் என்ன ஆகும் என்பதற்கு 2015 சாட்சி. சோதனைக் கூடத்தில் நிற்கிறோமா, சாலையில் ஓடுகிறோமா என்று ஸ்டீயரிங்கின் அசைவிலிருந்தே கண்டுகொண்டு, சோதனையின்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் டீசல் கார்களில் வைத்திருந்தது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் கார்கள். காரைச் சாலையில் ஓட்டிப் புகையை அளந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் அளவீடுகளிலிருந்துதான் அந்த உண்மை வெளிப்படத் தொடங்கியது. ஆகவே உங்கள் கணக்குகளின் அடிப்படைத் தரவுகளைச் சுதந்திரமான ஆய்வாளர்களுக்குத் திறந்து வையுங்கள். மறுசுழற்சிக்கு ஏற்ற கார் என்று எழுதும் முன், பிரிப்புக் கூடத்தில் அதை உண்மையாகவே பிரித்துப் பார்த்து, எடுக்க முடிந்தது எத்தனை கிலோ என்பதை அந்தக் கூடத்தின் கையெழுத்தோடு வெளியிடுங்கள்.

அடுத்த மாடலின் வடிவமைப்பை இறுதி செய்வதற்கு முன், வயரிங் பாதையைத் தீர்மானிக்கும் பொறியாளரையும், பேட்டரிக்குப் பசையைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளரையும் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பிரிப்புக் கூடத்துக்கு ஒரு வாரம் அனுப்பி வையுங்கள். உங்கள் நிறுவனம் முன்பு செய்த கார் ஒன்றையே அவர்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கிளிப்புகளை அவர்களே தேடட்டும், கழற்ற ஆகும் நேரத்தை அவர்களே குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்போடு திரும்பி வந்து கணினியின் முன் உட்காரட்டும்.

இப்படிக்கு,
பழைய கார்களைப் பிரித்தெடுக்கும் கூடத்தின் பொறுப்பாளர் ஒருவர்