ஏலியிடம் அன்னாள் பேசினதைப் படி, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வேறு யாரோ டிரிப் மாற்ற மறந்ததற்கு, வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் நோயாளி வீட்டுக்காரர்கள் முன்னால் வைத்தே உன்னைத் திட்டினார்கள் என்றாய். அப்புறம், "இவங்களுக்கெல்லாம் எதுக்கும்மா மரியாதை குடுக்கோணும்?" என்று கேட்டாய். போனில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவர்கள் செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. பெரியவர்கள் செய்வதெல்லாம் சரி என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

முதலாம் சாமுவேல் முதல் அதிகாரத்தை எடு. சீலோ ஆலயத்தில் அன்னாள் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணுகிறாள், அங்கே ஆசாரியராக இருந்த ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து, "உன் குடியை உன்னைவிட்டு விலக்கு" என்கிறார். பிள்ளையில்லாமல் அழுகிறவளிடம் பேசுகிற பேச்சா அது! அதுவும் பலிக்கு வந்த இறைச்சியைப் பிடுங்கித் தின்ற ஓப்னியையும் பினெகாசையும் பெற்று, அடக்காமல் விட்ட மனுஷர். அவள் சொன்ன பதில்: "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ." செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மரியாதையை விடவும் இல்லை. ஏலியின் யோக்கியதையைப் பார்த்து அவள் அப்படிப் பேசவில்லை, தன் வழக்கைக் கேட்கிறவர் ஏலிக்கும் மேலே இருக்கிறார் என்று நம்பினாள். எனக்குத் தெரிந்த விசுவாசம் அதுதான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போன காலத்தில் ஒரு சூப்பர்வைசர் பீஸ் கணக்கைக் குறைத்தே எழுதுவார். சனிக்கிழமை சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு மண்ணை வாரித் தூற்றுவார்கள். எங்களோடு ஊத்துக்குளி அக்கா ஒருத்தர் இருந்தார், சபைக்கு ஒழுங்காக வருகிறவர். கட்டு கட்டினவுடனே ஒரு குட்டி நோட்டில் குறித்துவிடுவார். ஒருநாள் மற்றவர்கள் டீக்குப் போன நேரமாகப் பார்த்து அதை சூப்பர்வைசர் மேசையில் விரித்து வைத்து, "ஏனுங்ணா, என்ற நோட்டுல ஒண்ணு இருக்குது, உங்குளுதுல வேற இருக்குது, ஒருக்கா பாருங்" என்றார். அவர் கடுகடு என்றுதான் இருந்தார், ஆனாலும் திருத்தி எழுதினார். எல்லா வாரமும் திருத்தினார் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் பேச்சு மட்டும் எந்த வாரமும் தடிக்கவில்லை.

இன்னொன்று. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த சிஸ்டர் மாதிரியே பேசி ஆடியோ போட்டு எல்லோரும் சிரித்தோம் என்றாயே, அது வேண்டாம் சாமி. தன்னைக் கொல்லத் தேடின ராஜா சவுல் எங்கேதி குகையில் தானாக வந்து மாட்டினபோது தாவீது சால்வையின் தொங்கலை மட்டும்தான் அறுத்தான், அதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது. பிறகு வெளியே வந்து, கர்த்தர் நம் இருவருக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பார் என்று சவுலின் முகத்துக்கு நேராகவே சொன்னான். முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை.

மரியாதை என்றால் எதையும் தாங்கிக்கொண்டு நிற்பது என்றும் நினைத்துவிடாதே. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடித் தப்பினான். எபிரெயரின் ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து ராஜா பார்வோனுக்கு சிப்பிராளும் பூவாளும் கீழ்ப்படியவில்லை, அவர்களும் உன்னைப் போல ஆஸ்பத்திரி வேலை மாதிரி ஒரு வேலை பார்த்த மருத்துவச்சிகள்தான். பார்க்காத பி.பி.யைப் பார்த்ததாகச் சார்ட்டில் எழுது என்று சொன்னால் எழுதாதே. யாராவது கை நீட்டினால் அன்றைக்கே மேட்ரனிடம் சொல், எனக்கும் சொல்.

இந்த விஷயத்துக்கு, டியூட்டி மாறும் நேரத்தில் சிஸ்டரைத் தனியாகப் பார். ரெஜிஸ்டரில் அந்த நேரத்துக்கு யார் கையெழுத்து இருக்கிறது என்று காட்டு. "சிஸ்டர், அது நான் இல்லைங்க, அத்தனை பேர் முன்னால திட்டினது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று சொல், அதற்கு மேலே வேண்டாம். அவர்கள் பெயரைச் சொல்லி நானும் ஜெபம் பண்ண ஆரம்பித்திருக்கிறேன். பேசிவிட்டு ராத்திரியே கூப்பிடு, எந்நேரமானாலும் பரவாயில்லை.

அம்மா