ரோஸ் கலர் பத்திரிகை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வெயில் இறங்கியதும் ஆற்றங்கரை வரை போய் வருகிறேன்.

இத்தனை வருஷம் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியதில் நமக்கு என்ன மிச்சம் என்று கேட்டிருந்தாய். ஒரு மாதமாக ஒரு பெண் பத்திரிகை ஆசிரியரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் கேள்வி வந்ததிலிருந்து இரண்டும் சேர்ந்தே மனதில் ஓடுகிறது.

ஐடா பி. வெல்ஸ் என்று பெயர். 1862இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். பதினாறு வயதில் மஞ்சள் காய்ச்சல் அப்பா அம்மா இருவரையும் கொண்டுபோய்விட்டது. தம்பி தங்கைகளைக் காப்பாற்ற டீச்சர் வேலைக்குப் போனார். 1889இல் மெம்பிஸ் நகரத்தில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற கறுப்பின மக்களின் பத்திரிகைக்கு அழைத்தார்கள். சமபங்கு கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்லி, பங்குதாரராகவே உள்ளே நுழைந்தார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். இரவு ஷிஃப்ட் கேட்டு நீ எத்தனை மனு எழுதினாய்!

கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் இருந்த நிலையை எழுதினார். 1891இல் டீச்சர் வேலை போயிற்று. அப்புறம் முழுநேரமும் பத்திரிகைதான், ஊர் ஊராகப் போய்ச் சந்தா சேர்த்தார். படிக்கத் தெரியாதவர்களும் அதை வாங்கி, யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார்களாம். அவர்களிடம் வேறு ஏதோ பத்திரிகையை ‘இதுதான் ஃப்ரீ ஸ்பீச்’ என்று தள்ளிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும், தன் பத்திரிகையை இளஞ்சிவப்புத் தாளில் அச்சடிக்க ஆரம்பித்தார். ரோஸ் கலர் பேப்பர் கொடு என்று கேட்டால் போதும், யாரும் ஏமாற்ற முடியாது. எழுத்துத் தெரியாதவரையும் தன் வாசகராக நினைத்த ஒருவருக்குத்தான் இது தோன்றும்.

அந்த மெம்பிஸில் தாமஸ் மாஸ் என்று ஒரு தபால்காரர். ஐடாவுக்கு நெருங்கிய நண்பர். அவர் சிலரோடு சேர்ந்து ஒரு மளிகைக்கடை நடத்தினார். எதிரே கடை வைத்திருந்த வெள்ளைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. சண்டை மூண்டது, மாஸும் கூட்டாளிகளும் சிறைக்குப் போனார்கள். 1892 மார்ச் 9 அதிகாலையில் ஒரு கும்பல் மூன்று பேரைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது.

என்னை உலுக்கியது ஐடா தன்னைப் பற்றிச் சொன்ன விஷயம். இப்படிக் கும்பல் கூடிக் கொல்வதற்குப் பாலியல் வன்கொடுமையைத்தான் எப்போதும் காரணமாகச் சொல்வார்கள். அதுவரை அவரும் அதை நம்பியிருந்தார். எல்லாப் பத்திரிகையிலும் வந்ததாயிற்றே! மாஸ் எந்தப் பெண்ணையும் தொடவில்லை, கடை வைத்தார், அவ்வளவுதான். அப்படியானால் மற்றவர்கள்? அங்கேதான் ஐடா ஒவ்வொரு சம்பவமாக விசாரிக்கத் தொடங்கினார்.

நியாயம் கிடைக்காத ஊரை விட்டுக் கிளம்புங்கள் என்று தலையங்கம் எழுதினார். ஜனங்கள் மூட்டை கட்டினார்கள், இருந்தவர்கள் டிராம் ஏறுவதை நிறுத்தினார்கள். ஆறு வாரம் கழித்து டிராம் கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் பத்திரிகை ஆபீசுக்கே வந்து, உங்கள் ஆட்களை மறுபடி ஏறச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எவ்வளவு நாளாகக் கூட்டம் குறைந்திருக்கிறது என்று கேட்டார் ஐடா. ஆறு வாரம் என்றார்கள். மாஸ் செத்தும் ஆறு வாரம்தான் ஆகிறது என்றார். அந்தப் பேச்சை அப்படியே அச்சிலும் போட்டார்.

மே மாதம், வன்கொடுமைதான் காரணம் என்ற அந்தப் பழைய பொய்யை நேராகத் தாக்கி எழுதினார். எழுதியது ஆண் என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரப் பத்திரிகைகள் மிரட்டின. அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் ஆபீசை அடித்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தால் கொல்வோம் என்று சேதி வந்தது. நியூயார்க்கிலேயே தங்கி ‘நியூயார்க் ஏஜ்’ பத்திரிகையில் எழுதினார். அங்கே எழுதியதற்கு ஆதாரம் எங்கே தேடினார் தெரியுமா? வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ ட்ரிப்யூன்’ வெளியிட்ட பட்டியலிலேயே! கும்பல்கள் கொன்ற 728 பேரில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வன்கொடுமைக் குற்றச்சாட்டாவது இருந்தது. அவர்களே அச்சடித்த எண்ணிக்கை, யார் மறுக்க முடியும்? எத்தனையோ பேர் கண்ணில் பட்ட பட்டியல் அது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர் அவர்தான். டெஸ்க் வேலை என்றால் இதுதானே, சாந்தி!

1895இல் கல்யாணம் ஆன அடுத்த திங்கட்கிழமையே ‘கன்சர்வேட்டர்’ என்ற சிகாகோ பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கைக்குழந்தையோடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1931இல் காலமானார். பத்திரிகைக்காரர்களுக்கு அமெரிக்காவில் தரும் பெரிய விருதான புலிட்சரின் கௌரவம் 2020இல்தான் கிடைத்தது.

உனக்கு அந்த அம்மாவை ஞாபகம் இருக்கிறதா? கிணற்றில் கிடந்த பெண்ணைப் பற்றி போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதை வாங்கி, ‘காதல் தோல்வி: இளம்பெண் தற்கொலை’ என்று தலைப்புப் போட்டது நான்தான். நாலு நாள் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா நம் பேப்பரை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். படிக்கத் தெரியாது, என்ன போட்டிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ‘அவ அப்படிப்பட்டவ இல்லம்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டு, பேப்பரைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். பக்கம் முடிக்கும் நேரம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் கொடுத்துப் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனவள் நீ. ஊர் பேரை உன் டைரியில் எழுதினாய் என்று ஞாபகம். கண் நன்றாக ஆறிய பிறகு பரண் மேலிருந்து அந்தப் பெட்டியை யாரையாவது விட்டு இறக்கச் சொல். ஊர் பேர் கிடைத்தால் எனக்கு போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மல்லிகா