பிளேட்லெட் புரதச் சோதனை ஊசி முனையிலேயே கெடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிங்கி வந்த வீட்டில் பிளேட்லெட் எண்ணிக்கைதான் பேச்சு. ஆனால் அது வெறும் தலைக்கணக்கு. பிளேட்லெட்டுகள் சும்மா மிதக்கின்றனவா, இரத்தத்தை உறைய வைக்கக் கிளம்பிவிட்டனவா என்பதை அது காட்டாது. கிளம்பியவை வெளியே கொட்டும் 'பிளேட்லெட் ஃபேக்டர் 4' புரதத்தைப் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப்பகுதியில்) அளந்தால் ஓரளவு தெரியும்.

தொல்லை என்னவென்றால், இரத்தம் எடுக்கும் விதமே பிளேட்லெட்டைக் கிளப்பிவிடும். கையில் பட்டையை இறுக்கி, நரம்பைத் துழாவி, சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்தால் நல்ல ஆளுக்கும் அளவு எகிறும். 21 கேஜ் பருமனுள்ள ஊசி வேண்டும். நரம்பு கிடைத்ததும் பட்டையைத் தளர்த்த வேண்டும். முதல் 2, 3 மில்லி வேறு சோதனைக்குப் போகட்டும். அதன் பிறகே சிடிஏடி டியூப். சிட்ரேட்டோடு தியோஃபிலின், அடினோசின், டைபிரிடமோல் கலந்த அந்தத் திரவம் பிளேட்லெட்டை அடக்கி வைக்கும். டைபிரிடமோலுக்கு வெளிச்சம் ஆகாது. டியூபை இருட்டில் வைக்க வேண்டும். குறி வரை நிரப்பி, குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, உடனே ஐஸில் வைக்க வேண்டும். பாலிக் பூலாவில் எடுத்தது மோட்டார் சைக்கிளில் குலுங்கி, வெயிலில் ஜோர்ஜ்டவுன் வந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

ஆய்வகத்தில் 4 டிகிரியில் புவியீர்ப்பைப்போல் 2,500 மடங்கு விசையில் அரை மணி நேரம் சுழற்றி, நடுப்பகுதிப் பிளாஸ்மாவை மட்டும் உறிஞ்ச வேண்டும். மிச்சப் பிளேட்லெட் கலந்துவிட்டால், பிளாஸ்மாவைக் குளிரில் உறைய வைத்து உருக்கும்போது உடைந்து புரதத்தைக் கொட்டும். இரத்தத்தை உறைய விடும் சீரம் டியூப் அறவே கூடாது: கட்டி உறையும்போதே எல்லாம் வெளியேறி, அளவு ஆயிரம் மடங்கு வரை காட்டும்.

இதனுடன் பிளேட்லெட் கொட்டும் இன்னொரு புரதமான பீட்டா துரோம்போகுளோபுலினையும் பார்ப்பது நல்லது. இரண்டும் பிளேட்லெட்டுக்குள் இருக்கும் ஒரே வகைத் துகளிலிருந்து வருபவை. ஃபேக்டர் 4 இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிச் சில நிமிடங்களில் மறையும், மற்றது நீடிக்கும். எனவே உடலுக்குள்ளேயே கோளாறு என்றால் பீட்டா மட்டும் தனியாக உயர்ந்து நிற்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் இரத்தம் எடுத்த விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இந்தக் கணக்கு எடுபடாது: இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து, சுவரில் ஒட்டிய ஃபேக்டர் 4-ஐக் கிளப்பிவிடும், பழுதான சிறுநீரகம் பீட்டாவைத் தேக்கிவிடும்.

ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளில் பிளேட்லெட் பாதியாகச் சரிந்தால் கேட்கப்படுவது ஃபேக்டர் 4 எதிர்ப்புப் பொருள் சோதனை. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு: புரதத்தை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருளைத் தேடுவது. ஹெப்பாரினால் வரும் இந்தச் சரிவு, பிளேட்லெட் குறைந்திருக்கும்போதே இரத்தம் உறைந்து கட்டும் விசித்திர நிலை. எந்தச் சோதனை வேண்டும், ஹெப்பாரின் கடைசியாக எப்போது போட்டது என்ற இரண்டையும் மருத்துவர் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வகப் பணியாளர்கள்,
பினாங்கு