பொருள்: இரண்டாம் பக்கத்தில் கேட்கும் டிக் சத்தம் இசைக்குழு வாசித்தது அல்ல

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். நீங்கள் வினைல் ரெக்கார்டாக மறுவெளியீடு செய்திருக்கும் நாய்ஸ் ராக் ஆல்பத்தை வெளிவருவதற்கு முன்பே பணம் கட்டி வாங்கியவன் நான். இரண்டாம் பக்கத்தில் குறை இருக்கிறது என்று எழுதியதற்கு, இது நாய்ஸ் ராக் ஆல்பம், இரைச்சலும் கரகரப்பும் இந்த இசையின் இயல்பு என்று ஒரு பதில் போட்டுப் புகாரை முடித்துவிட்டீர்கள். பேய்ப் படம் பாதி ஓடும்போது தியேட்டரில் கரண்ட் போய்விட, பேய்ப் படம் என்றால் இருட்டாகத்தானே சார் இருக்கும் என்று மேனேஜர் வந்து சொல்வது மாதிரி இருக்கிறது. முடித்த புகாரை மறுபடி திறக்க வேண்டும், அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு இரைச்சல் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம், அதற்காகவே காசு கொடுத்தவன். இந்த ஆல்பத்தில் ஒரு கிட்டார் எப்போதும் சுருதி விலகித்தான் இருக்கும், இன்னொன்றை ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) எதிரே கொண்டுபோய் ஊளையிட விட்டிருப்பார்கள், பாடுபவரின் குரல் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் அடியில் புதைந்து கிடக்கும், பாதிச் சொல் பிடிபடாது. எல்லாமே யோசித்துச் செய்தது. சோனிக் யூத் தங்கள் இஷ்டத்துக்குக் கிட்டார்களின் சுருதியை மாற்றி, கம்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி வாசித்த குழு; அவர்களுடைய 1988 ஆல்பமான டேட்ரீம் நேஷன், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று போடும் பட்டியலில் 2005-இலேயே சேர்ந்துவிட்டது. இந்த மாதிரி இசையைக் கேட்கிறவனுக்கு எது குழு போட்ட சத்தம், எது உங்கள் ஆலை போட்ட சத்தம் என்று தெரியாது என்று நீங்கள் நினைத்ததுதான், குறையை விட அதிகமாக எரிச்சலூட்டுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு டிக் வருகிறது, 1.8 நொடிக்கு ஒருமுறை, பாட்டு முடியும்வரை விடாமல். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க ஆகும் நேரமும் 1.8 நொடிதான். பாட்டு வேகமெடுத்தால் டிக் வேகமெடுப்பதில்லை, நடுவில் மொத்தக் குழுவும் சட்டென்று நிற்கும் இடத்தில் டிக் மட்டும் நிற்பதில்லை. பிக் பிளாக் மாதிரி, டிரம்ஸுக்கு ஆள் வைக்காமல் ரோலண்ட் டிஆர்-606 இயந்திரத்தை வைத்துக்கொண்ட குழுவாக இருந்தாலாவது, இதுவும் அவர்கள் போட்ட கணக்கோ என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். இங்கே டிரம்ஸ் வாசிப்பவர் மனிதர், அதுவும் அவசரக்காரர், கோரஸ் நெருங்கும்போதெல்லாம் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடுவார், அந்த ஓட்டம்தான் பாட்டுக்கே உயிர். அப்படி ஓடுகிறவரோடு கொஞ்சமும் சேராமல், தட்டோடு மட்டும் சேர்ந்து சுற்றும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் யாரும் தேவையில்லை.

டிக்கை விட மோசம் அதே பக்கத்தின் தொடக்கத்தில் வரும் கிழிசல். காகிதத்தைக் கிழிப்பது போன்ற சத்தம், வலது ஸ்பீக்கரில் மட்டும். தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு மங்கி, வெளிறிய பொடிப் புள்ளிகள் தெரிகின்றன. அச்சடிக்கும்போது பிவிசி போதிய சூட்டில் இல்லாமலோ, அழுத்தம் குறைந்தோ, ஆறுவதற்குள் அச்சைத் திறந்தோ விட்டால், ஊசி ஓடும் பள்ளத்தின் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் போய் நிரம்பாது, ஊசி அந்தக் குறைச் சுவரில் உரசிக்கொண்டு போகும். ரெக்கார்டு சேகரிப்பவர்கள் இதை நான்-ஃபில் என்பார்கள், உங்கள் ஆலைக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பக்கம் தொடங்குவதே பேஸ் கிட்டார் மட்டும் தனியாக, மெதுவாக நடக்கும் ஒரு பகுதியோடு. ஆல்பத்திலேயே இவ்வளவு அமைதியான இடம் வேறு இல்லை. நீங்கள் சொல்லும் இரைச்சல் என்ற சமாதானம் துளிகூடச் செல்லாத இடத்தில் போய்க் கிழிசல் உட்கார்ந்திருக்கிறது. கிட்டார்கள் இறங்கிய பிறகு வந்திருந்தால் நானே கவனிக்காமல் விட்டிருப்பேனோ என்னவோ.

ஊசியைத் துடைக்கச் சொன்னீர்கள், துடைத்தாயிற்று. ஊசி அழுத்தும் எடையைச் சரிபார்க்கச் சொன்னீர்கள், கார்ட்ரிட்ஜ் கையேட்டில் போட்டிருக்கும் எடைதான் இருக்கிறது. மற்ற ரெக்கார்டுகள் அதே ஊசியில் ஒழுங்காக ஓடுகின்றன. என்னிடம் இருக்கும் இந்த ஆல்பத்தின் பழைய பதிப்பு நன்றாகத் தேய்ந்துபோனது, புதிதை வாங்கியதே அதனால்தான், அதில்கூட இந்த டிக்கும் கிழிசலும் கிடையாது. மாற்றுப் பிரதி அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. அதில் கிழிசல் கொஞ்சம் குறைவு, ஆனால் டிக் அதே பாட்டில், அதே வரியில். இரண்டு பிரதியில் ஒரே இடத்தில் ஒரே குறை வந்தால் அது வழியில் பட்ட கீறலாக இருக்க முடியாது, தட்டை அழுத்தி அடிக்கும் உலோக அச்சான ஸ்டாம்பரிலோ அதற்கு முந்தைய உலோக அச்சிலோ இருக்கிறது, அப்படியென்றால் அதிலிருந்து அடித்த அத்தனை பிரதியிலும் இருக்கும். இன்னொரு பிரதியை அனுப்பி என்ன ஆகப்போகிறது? டெஸ்ட் பிரஸ்ஸிங் என்று முதலில் சில தட்டுகளை மட்டும் அடித்துக் கேட்டுப் பார்ப்பதே இந்த மாதிரி விஷயத்தைப் பிடிப்பதற்குத்தான். உங்கள் பக்கத்தில் அதை யாராவது கேட்டார்களா, இல்லை அவரும் இது நாய்ஸ் ராக், இப்படித்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாரா?

அப்புறம் கடைசிப் பாட்டு. எனக்கு மனசு ஆறாதது இதில்தான்.

பழைய பதிப்பில் அந்தப் பாட்டு முடியவே முடியாது. ஆம்ப்பின் சத்தம் கிட்டாருக்கே திரும்பி ஊளையிடும் ஃபீட்பேக் ஏறிக்கொண்டே போய், கடைசிப் பள்ளம் தன்மேலேயே வந்து மூடிக்கொள்ளும்படி வெட்டியிருப்பார்கள், நாமாக எழுந்துபோய் ஊசியைத் தூக்கும்வரை அந்த ஒரு சுற்று இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். லூ ரீட் 1975-இல் மெட்டல் மெஷின் மியூசிக் ஆல்பத்தின் நான்காம் பக்கத்தை இப்படித்தான் முடித்தார். சோனிக் யூத் 1986-இல் ஈவால் ஆல்பத்தை இப்படி முடித்து, அந்தப் பாட்டின் நீளம் என்று முடிவிலிக் குறியையே அச்சடித்தார்கள். சிடியிலும் கோப்பிலும் செய்ய முடியாத காரியம் இது, ரெக்கார்டாக வாங்குவதற்கு ஒருவனுக்கு இருக்கும் நியாயமான காரணங்களில் ஒன்று. உங்கள் பதிப்பில் இது இல்லை. கூட்டத்தில் நின்று யாரோ கேசட்டில் பிடித்த இரண்டு மேடைப் பாடல்களைக் கூடுதல் பரிசு என்று கடைசியில் ஒட்டியிருக்கிறீர்கள். அதற்கு வழிவிட வேண்டுமே, அதனால் ஃபீட்பேக் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து அடக்கிவிட்டு, அடுத்த நொடி கைதட்டல் கேட்கிறது. முதல்முறை கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. என்னமோ அவர்கள் ஒருவழியாக நிறுத்தினார்களே என்று கூட்டம் கைதட்டுகிற மாதிரி.

அந்த இரண்டு பாட்டும் மோசம் என்று சொல்லவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவற்றால் அந்தப் பக்கம் 27 நிமிடத்துக்குப் போய்விட்டது. 20 நிமிடத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால்தான் இந்த மாதிரி இசையைச் சத்தமாக வெட்ட முடியும், 27 என்றால் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்க வேண்டுமென்றால் ஒலியளவையும் பேஸையும் குறைத்தாக வேண்டும். பழைய பதிப்பைக் கேட்டுவிட்டு இதைப் போட்டால் வால்யூமை நன்றாகவே ஏற்ற வேண்டியிருக்கிறது, ஏற்றினால் டிக்கும் கூடவே ஏறுகிறது. மேடைப் பாடல்களுக்காவது இதில் லாபம் உண்டா என்றால் அதுவும் கிடையாது. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, லேபிளை ஒட்டி வரும்போது 21 சென்டிமீட்டர்தான், அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைக்க வேண்டும், அதனால் உள்ளே போகப் போகச் சிம்பல் சிதறும். ஏற்கெனவே கரகரக்கும் கேசட் பதிவை இருப்பதிலேயே மோசமான இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். டவுன்லோடாகக் கொடுத்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

டவுன்லோடு என்றதும் அடுத்தது. ரெக்கார்டோடு வந்த ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைத்த) கோப்புகளைத் திறந்து பார்த்தால், ஒலியலையின் உச்சி எல்லாம் கத்தரித்துவிட்டது போலத் தட்டையாக நிற்கிறது, முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஒரே உயரம். அது டிஸ்டார்ஷன்தானே, கிட்டாரிலும் அதுதானே இருக்கிறது என்று பதில் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கிட்டார் ஆம்ப்பில் வால்வு திணறும்போது வரும் டிஸ்டார்ஷன் அந்தக் கிட்டாருக்கு மட்டும் ஆனது, அதுவும் ஆம்ப்பின் ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும்போது சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் கூர்மை பெரும்பாலும் மழுங்கித்தான் வரும், அதனால்தான் அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் காதுக்குச் சதைப்பிடிப்பாக இருக்கிறது. நீங்கள் செய்திருப்பது முழுக் கலவையையும் டிஜிட்டல் கூரையில், அதாவது கோப்பில் பதிய முடிந்த உச்ச அளவில், முட்டவிட்டது. கிட்டாரோடு சேர்ந்து கிக் டிரம், குரல், சிம்பல் எல்லாம் வெட்டுப்படுகின்றன, மழுக்குவதற்கு நடுவில் எதுவும் இல்லை.

இதனால் என்ன போயிற்று என்று கேட்டால், இரண்டாம் பாட்டில் அடக்கி வாசித்துக்கொண்டே வந்து, டிரம்ஸ் இரண்டு தட்டுத் தட்டியதும் நாலு பேரும் ஒன்றாக இறங்கும் ஒரு இடம் உண்டு, பழைய பதிப்பில் அங்கே ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுவேன், என்ன வரப்போகிறது என்று தெரிந்தும். புதியதில் அடக்கமான பகுதியும் அதே சத்தம், இறங்கும் பகுதியும் அதே சத்தம். ஒன்றுமே நடக்கவில்லை. சத்தமான இசையில் சத்தம் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் கொஞ்சம் அமைதி வேண்டும், அதைத்தான் நீங்கள் துடைத்துவிட்டீர்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்பின் உறுமலையும் வேண்டாத சத்தம் என்று நினைத்து வெட்டி, அங்கே சுத்தமான மௌனத்தை வைத்திருக்கிறீர்கள். எங்கே அமைதி வேண்டுமோ அங்கே இரைச்சல், எங்கே இரைச்சல் வேண்டுமோ அங்கே அமைதி!

உள்ளுறையில் பழைய பதிப்பில் இருந்த ஒலிப்பதிவாளர் பெயர் காணவில்லை, ரீமாஸ்டர் செய்தவர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சேர்த்துவிடுங்கள்.

எனக்கு வேண்டியது இவைதான். முதலில், இரண்டாம் பக்கத்தைப் பழைய அளவில், மேடைப் பாடல்கள் இல்லாமல், மூடிய பள்ளத்தோடு மறுபடி வெட்டி, முன்பே வாங்கியவர்களுக்கு மாற்றிக் கொடுங்கள். அது முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள், இரண்டு பிரதியையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். ஒலியை இப்படி அழுத்தி உயர்த்தாத கோப்புகள் உங்களிடம் இருந்தால் அவற்றையும் டவுன்லோடில் போடுங்கள், அதற்கு ஆலை எதையும் ஓட்டத் தேவையில்லை. இதற்குப் பதில் எழுதுபவர் தயவுசெய்து இரண்டாம் பக்கத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு எழுதட்டும்.

இன்னொன்று. இந்த மாதிரி குழுக்கள் வளர்ந்த காலத்தில் டச் அண்ட் கோ போன்ற சின்ன லேபிள்கள் செலவு போக வந்த லாபத்தைக் குழுவோடு பாதிப்பாதி பங்குபோட்டுக்கொண்டன. உங்களுக்கும் இந்தக் குழுவுக்கும் என்ன ஒப்பந்தம் என்பது என் வேலை இல்லை. ஆனால் திரும்பி வரும் தட்டுகளின் செலவைக் குழுவின் கணக்கில் கழித்துவிடாதீர்கள். ஸ்டாம்பரைச் சரிபார்க்காதது அவர்கள் இல்லை. கழிக்க மாட்டோம் என்று உங்கள் பதிலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டால், தட்டுகளை உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்து வாங்கிய உங்கள் வாடிக்கையாளர்