கடல் ஏன் நீலம்: மாணவர் பக்கத்தில் வந்த பதில் பற்றி

ஆசிரியருக்கு வணக்கம்.

தேசிய அறிவியல் நாளை ஒட்டி உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கேள்வி பதில் பகுதியில், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்விக்கு, வானத்தின் நீலத்தைக் கடல் எதிரொளிப்பதால்தான் என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அதே பக்கத்தின் மேலே சர் சி.வி. ராமன் படம். பார்த்ததும் மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இந்த ஒரு வரிப் பதிலைத்தான் ராமன் 1921-இல் கப்பலில் ஊர் திரும்பும்போது, கையடக்கமான ஒரு பட்டகத்தை வைத்துக்கொண்டு, போதாது என்று காட்டினார். அங்கே பிடித்த நூல்தான் ஏழு வருஷம் கழித்து அவரை 1928 பிப்ரவரி 28-க்கு, ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாளுக்கு, கொண்டுபோய் விட்டது. அந்த நாளைக் கொண்டாடும் பக்கத்திலேயே அவர் மறுத்த விளக்கம் அச்சாவது சரியில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதில் முழுக்கப் பொய் இல்லை, அதனால்தான் இவ்வளவு காலம் பாடங்களிலும் வகுப்பறைகளிலும் தங்கி நிற்கிறது. வானம் ஏன் நீலம் என்பதைச் சரியாக விளக்கிய லார்டு ராலே, அதாவது அலைநீளம் குறையக் குறைய சிதறல் அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய அதே மனிதர், ஆழ்கடலின் கருநீலம் தண்ணீரின் நிறமே இல்லை, எதிரொளித்த வானம்தான் என்று எழுதியிருந்தார். நோபல் பரிசு வாங்கியவர், ஒளி விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்றிருந்த காலம். ராமனுக்கு அப்போது 32 வயது. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு நார்குண்டா என்ற கப்பலில் மத்தியதரைக் கடல், செங்கடல் வழியாக பம்பாய் வந்துகொண்டிருந்தார். கடலின் அந்த நீலத்தைப் பார்த்து ரசித்தவர்கள் அந்தக் கப்பலிலேயே எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், ஆனால் இவர் கையில் நிகோல் பட்டகம் இருந்தது.

நிகோல் பட்டகம் என்பது கால்சைட் படிகத்தைக் குறுக்கே சாய்வாக அறுத்து, கனடா பால்சம் என்ற பிசினால் மறுபடி ஒட்டிச் செய்த கருவி. வில்லியம் நிகோல் 1828-இல் செய்தது. உள்ளே போகும் ஒளி இரண்டாகப் பிரியும்; ஒரு கதிர் பிசின் பரப்பில் முழு அக எதிரொளிப்பு அடைந்து பக்கவாட்டில் போய்விடும், மற்றது ஒரே திசையில் அதிரும் ஒளியாக நேராக வெளியே வரும். இதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துத் திருப்பினால், வருகிற ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, இதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் பரப்பில் ஒளி நடந்துகொள்ளும் விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், நம் பத்திரிகைகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற இடமும் இதுதான். தண்ணீர்ப் பரப்பில் ஒளி படும்போது அங்குள்ள மூலக்கூறுகளின் எலெக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தோடு சேர்ந்து ஆடுகின்றன. எதிரொளி என்று நாம் சொல்வது அந்த ஆட்டத்திலிருந்து கிளம்பி வெளியே வரும் அலைதான். ஆனால் ஆடுகிற எலெக்ட்ரான், தான் ஆடும் கோட்டின் திசையில் ஒளியை அனுப்பாது, பக்கவாட்டில்தான் அனுப்பும். இப்போது ஒளி ஒரு குறிப்பிட்ட சாய்வில் விழுகிறது என்று வையுங்கள், எதிரொளிக்கும் கதிரும் தண்ணீருக்குள் போகும் கதிரும் ஒன்றுக்கொன்று சரியாகச் செங்குத்தாக இருக்கும்படி. அந்த நிலையில் படுதளத்துக்குள் (விழும் கதிரும் எதிரொளிக்கும் கதிரும் அடங்கிய தளத்துக்குள்) ஆடும் எலெக்ட்ரான்கள் எதிரொளி போக வேண்டிய திசையை நோக்கியே ஆடுகின்றன, அதனால் அவை அந்தப் பக்கம் ஒன்றும் அனுப்ப முடியாது. மிஞ்சி எதிரொளிப்பது முழுக்கவும் பரப்புக்கு இணையாக, கிடைமட்டமாக அதிரும் ஒளி மட்டும். இதுதான் 1815-இல் டேவிட் புரூஸ்டர் கண்ட கோணம். அதன் டேன்ஜென்ட் மதிப்பு ஒளிவிலகல் எண்ணுக்குச் சமம். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால் தண்ணீருக்கு ஏறக்குறைய 53 பாகை, சாதாரணக் கண்ணாடிக்கு 56, 57.

இதற்கு ஏழு வருஷம் முன்பே, 1808-இல், பாரிஸில் மாலுஸ் என்பவர் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைக் கால்சைட் வழியாகப் பார்த்து, எதிரொளித்த ஒளிக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்று கண்டிருந்தார். ஆக, கருவியும் விதியும் ராமனுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் முந்தியவை. அவர் செய்தது, அந்த இரண்டையும் கொண்டு கடலிடம் நேரடியாகக் கேட்டதுதான். கடலை அந்தக் கோணத்தில் பார்த்து, நிகோல் பட்டகத்தைக் கிடைமட்ட அதிர்வு வராதபடி திருப்பினால், பரப்பிலிருந்து வரும் வானத்தின் எதிரொளி அணைந்துவிடும். ராலே சொன்னபடி நீலம் முழுக்க எதிரொளிதான் என்றால் கடல் கறுத்துப்போக வேண்டும். கறுக்கவில்லை. நீலம் இன்னும் ஆழமாக, இன்னும் அழகாகத் தெரிந்தது. அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த நீலம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிறது, வானத்தின் எதிரொளி அதன்மேல் வெளிறிய பூச்சாகப் படர்ந்து அதைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதே இதை எழுதி அனுப்பினார். அந்த நவம்பரில் நேச்சர் இதழில் வந்தது.

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. இரண்டு காரணம் கலந்து கிடக்கும் இடத்தில், ஒரு காரணத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றது என்ன ஆகிறது என்று பார்ப்பது. அளவியலின், அதாவது துல்லியமாக அளக்கும் கலையின், உயிரே இதில்தான் இருக்கிறது, விலை உயர்ந்த கருவி எல்லாம் அப்புறம். ராமனுக்கு இந்தப் பழக்கம் திடீரென்று வந்ததும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது, நிறமாலைமானியில் பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டு எதிரொளித்த ஒளியில் தெரிந்த விளிம்பு விளைவுப் பட்டைகள் (ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் வரும் வெளிச்ச, இருட்டுக் கோடுகள்) இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்று கவனித்தார். 1906 நவம்பரில் பிலசாஃபிகல் மேகசின் இதழில் வந்த அவருடைய முதல் கட்டுரையே அதுதான். அப்போது வயது 18. பட்டகக் கோணம் அளக்கும் பயிற்சியை இன்றும் நம் பிள்ளைகள் செய்கிறார்கள், செய்முறை நோட்டில் அளவீட்டை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த முகத்திலிருந்து வரும் ஒளியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க ஆசிரியர்கள் விட வேண்டும்.

இனி உங்கள் பதிலில் உள்ள பாதி உண்மைக்கு வருகிறேன். மேகமூட்டமான நாளில் கடல் சாம்பலாக இருக்கிறதே, அப்போது வானம்தானே காரணம் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் அதில் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் எதிரொளிக்கும். 53 பாகையில் 4 சதவீதம். 80 பாகைக்குப் போனால் 35 சதவீதம் ஆகிவிடும், அதற்கு மேல் கிடுகிடுவென்று ஏறும். நாம் மெரினாவில் மணலில் நின்றுகொண்டு தொடுவானத்தைப் பார்க்கிறோம், அதாவது தண்ணீரைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு பார்க்கிறோம். அந்தச் சாய்வில் கண்ணுக்கு வருவதில் பெரும்பங்கு வானத்தின் எதிரொளிதான் (அலைகளின் முகங்கள் நம் பக்கம் சாய்ந்திருப்பதால் கணக்குக் கொஞ்சம் குறையும், ஆனாலும் பெரும்பங்குதான்). படகில் நடுக்கடலுக்குப் போய், குனிந்து கீழே பார்க்கிறவருக்கு அது பொருந்தாது. மழைக்காலத்தில் ஆற்று முகத்துவாரங்களில் கடல் செம்மண் நிறமாக நிற்கும்போது மேலே வானம் பளிச்சென்று நீலமாக இருப்பதைக் கடலோரத்தில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்போம். எதிரொளி மட்டும்தான் காரணம் என்றால் அது எப்படி நடக்கும்?

அப்புறம், ராமன் சொன்னதே கடைசி வார்த்தை என்றும் நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் முதன்மைக் காரணம், தண்ணீர் சிவப்பை உறிஞ்சுவது நிறத்தை இன்னும் நிறைவாக்க உதவுகிறது என்று அவர் கருதினார். இன்றைய கணக்கில் அந்த உறிஞ்சலுக்குத்தான் பெரிய பங்கு. ஆக்சிஜன் ஹைட்ரஜன் பிணைப்புகளின் அதிர்வு சிவப்பு ஒளியைத் தின்றுவிடுகிறது. 700 நானோமீட்டர் சிவப்பில் ஏறக்குறைய பாதி ஒரு மீட்டர் தண்ணீரிலேயே போய்விடும், நீலமோ தெளிந்த நடுக்கடலில் நூறு மீட்டர் ஆழத்திலும் இருக்கும். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கனநீரில் அந்த உறிஞ்சல் அகச்சிவப்புக்குத் தள்ளிப்போய்விடுவதால் அதற்கு இந்த நீலம் கிடையாது. எஞ்சிய நீலத்தை மேலே திருப்பி அனுப்புவது சிதறல். இரண்டும் சேர்ந்துதான் கடலின் நிறம். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் மூன்று வரியில் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இது வெறும் பொது அறிவுக் கேள்வி, இதற்கு ஏன் இத்தனை வாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளில் கடலின் நிறத்தை அளக்கவே ஒரு கருவி இருந்தது. சூரியன் தண்ணீரில் பட்டுப் பளபளக்கும் எதிரொளி கண்ணில் விழாமல் இருக்க அதை 20 பாகை சாய்க்கும் வசதியும் வைத்தார்கள். செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேரும் ஒளியில் பெரும்பகுதி காற்று மண்டலம் சிதறடித்தது; சுமார் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது. காற்றின் பங்கையும் பரப்பின் எதிரொளியையும் கழித்துவிட்டு, மிஞ்சும் அந்தச் சின்னப் பங்கில் பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று பார்த்துத்தான் மிதவைப் பாசியின் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். அதையும் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் சேர்த்து, மீன் கூடும் இடங்களை ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் மையம் நம் மீனவர்களுக்குச் சொல்கிறது. கடலின் நிறம் வானத்தின் எதிரொளி மட்டும்தான் என்றால் இதில் ஒன்றுமே அளக்க முடியாது. ராமன் கப்பல் தளத்தில் பட்டகத்தைத் திருப்பிச் செய்த அதே கழித்தலை, வேறு வழியில், இன்று வானத்திலிருந்து செய்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. வரும் வாரமே மாணவர் பக்கத்தில் திருத்தம் போடுங்கள். அதோடு இந்தச் சோதனையையும் போடுங்கள், இதற்கு நிகோல் பட்டகம் தேவையில்லை. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்று போதும். கழற்றிக் கையில் பிடித்து கால்குலேட்டர் திரைக்கு முன்னால் திருப்பினால், ஒரு நிலையில் திரை கறுக்க வேண்டும். கறுக்காவிட்டால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி, பயன்படாது. ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடியில் நாணயம் போட்டு, ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் தெரியும்படி வையுங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பினால், ஓரிடத்தில் ஜன்னலின் பிம்பம் மறைந்து நாணயம் துலக்கமாகத் தெரியும். கண்ணாடியைப் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் சூரியனையோ தண்ணீரில் தெரியும் சூரியனின் பிம்பத்தையோ பார்க்கக் கூடாது என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

கோணத்தைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு படம் வேண்டும். 53 பாகை என்று மட்டும் எழுதினால் பிள்ளைகள் தண்ணீர்ப் பரப்பிலிருந்து அளப்பார்கள். அது பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளப்பது, பரப்பிலிருந்து என்றால் 37. கோணமானியே இல்லாமலும் செய்யலாம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 4/3 என்பதால், பார்க்கும் புள்ளியிலிருந்து கண் 4 அடி தள்ளியும் தண்ணீர் மட்டத்திலிருந்து 3 அடி உயரத்திலும் இருந்தால் கோணம் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தூத்துக்குடி