ஜார்ஜ்குட்டி விஷயமாக

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு.

மோகன்லால் ஜார்ஜ்குட்டியாக நடித்த மலையாளப் படம் 'த்ரிஷ்யம்', அதன் இரண்டாம் பாகத்தை மறுபடி பார்த்தேன். 2021-இல் பிரைமில் வந்தபோது நீதான் போட்டுக் காட்டினாய். டைரக்டர் ஜீத்து ஜோசப் பின்னிட்டார் என்று குதித்தாய், நான் வாயைத் திறக்கவில்லை. முதல் படத்தின் மேல் எனக்கு இருக்கிற பைத்தியம் உனக்குத் தெரியும். அதையே தமிழில் எடுத்த 'பாபநாசம்' பார்த்துவிட்டு, கமல் பேசுவது அப்படியே உன் பெரியப்பா என்று சிரித்தோமே.

அந்த முதல் ஜார்ஜ்குட்டி நாலாம் வகுப்பு தாண்டாத கேபிள் டிவிக்காரன். பெரிய மகளை மிரட்டின பையன் அவள் கையால் செத்துப்போக, குடும்பத்தைப் போலீஸிடமிருந்து காப்பாற்ற அவன் கையில் இருந்ததே பஸ் டிக்கெட், ஹோட்டல் பில், சினிமா டிக்கெட்தான். ஆகஸ்ட் 2-ஆம் தேதி தியானத்துக்குப் போனோம் என்று சின்னவள் வரைக்கும் பாடம் பண்ணி ஒப்பிப்பார்கள். பொய்தான், ஆனால் நாலு பேருமாகச் சேர்ந்து சொன்ன பொய். இரண்டாவதில் எல்லாம் அவன் ஒருத்தன் மனசுக்குள்ளேயே இருக்கிறது. ஆறு வருஷம்! தியேட்டர் வைத்திருக்கிறான், குடிக்கிறான், சினிமா எடுக்கிறேன் என்று காசை இறைக்கிறான். கட்டினவள் ராணிக்கு ஏன் என்று தெரியாது. செக்யூரிட்டியைச் சிநேகம் பிடித்து, போலீஸ் தோண்டியெடுத்த அந்தப் பையனின் எலும்பை மாற்றுவதெல்லாம் சாமர்த்தியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு ஒட்டவில்லை. நம்மை மாதிரி இருந்த ஆளை மந்திரவாதி ஆக்கிவிட்டார்கள். செத்த பையனின் அஸ்தி பெற்றவர்கள் கைக்குப் போகிற இடத்தில் மட்டும் அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி போலீஸ் என்று தெரியாமல் ராணி உளறிவிட்டாள் என்று நீகூட அவளைத் திட்டினாய். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. புருஷன் முகம் கொடுத்துப் பேசியிருந்தால் அவள் ஏன் அடுத்த வீட்டில் போய்ச் சொல்கிறாள்?

உன்னைப் பற்றி நம் தெருவில் பெருமையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் பணம் வழக்கத்தைவிட அதிகமாக வந்திருக்கிறது. எதற்கு? நான் கேட்டேனா? மருமகளிடம் பேசினால் "அவருக்கு வேலை ஜாஸ்தி அத்தை" என்பதோடு சரி. முன்னெல்லாம் அவள் போனை வைக்கவே மாட்டாள். மில் மூடின பிறகும் உன் அப்பா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். சரி, அதை விடு.

தீபாவளிக்கும் வரவில்லை. பொங்கலுக்காவது பார். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே, வயிறு கெட்டால் எல்லாம் கெட்டது.

மூன்றாம் பாகமும் அறிவித்துவிட்டார்கள். இத்தனை குறை சொல்கிற நான்தான் முதல் ஆளாக உட்காருவேன். இந்தத் தடவையாவது அவன் ராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

கடிதத்தை மருமகளிடமும் படிக்கக் கொடு. அவளுக்கும் மோகன்லால் என்றால் உயிர்.

அம்மா