கைப்பிடி முதலில், டிரிகர் பிறகு

அன்புள்ள சேகர்,

தோள்வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குப் போட்டி விதி அனுமதிக்கும் எடை 1,500 கிராம் வரை. ஆனால் போட்டிப் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கின்றன. இப்போதைக்கு அதற்கு மேல் கூடுதல் எடை எதையும் மாட்டாதே.

ஐந்து பெயரை எழுதி எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். ஸ்டெயர், மோரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி: ஐந்துமே உன்னையும் என்னையும்விட நன்றாகச் சுடும். இலக்கின் நடுவில் இருக்கும் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பொருத்தமான பெல்லட் (ஈயக் குண்டு) போட்டு, வைஸ் என்ற இறுக்குப்பிடியில் மாட்டிச் சுட்டால் ஐந்துமே அதற்குள் தாராளமாக அடங்கும். மோரினி 162இஐ-யின் டிரிகர் மின்சாரத்தில் இயங்குவது, பேட்டரி பார்த்துக்கொள்ள வேண்டும். அதிர்வை வாங்கிக்கொள்ளும் அப்சார்பர் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. இதெல்லாம் ருசி சார்ந்த விஷயம். உன் கைக்கு எது உட்காருகிறதோ அதை வாங்கு.

உட்காருகிறதா என்று பார்க்க ஒரு வழி. பிஸ்டல் காலி என்று உறுதிசெய்துகொள். பாதுகாப்பான திசையில் கையை நீட்டி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திற. குறிபார்க்கும் முன் முனை (முன் சைட்) பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருக்கிறதா பார். பத்துத் தடவை செய். மேலே கீழே விலகினால் பரவாயில்லை, கிரிப்பின், அதாவது மரக் கைப்பிடியின், சாய்வை ஸ்க்ரூ வைத்து மாற்றிக்கொள்ளலாம். பல மாடல்களில் பக்கவாட்டிலும் கொஞ்சம் திருப்பலாம். கிரிப்பே ஒரு சைஸ் பெரிது என்றால்தான் சங்கடம். மரத்தைச் செதுக்கிக் குறைக்கலாம், ஆனால் உள்ளங்கையின் நீளத்துக்குச் செதுக்க வழியில்லை. உனக்கு மீடியம் என்று நீயாக முடிவு கட்டாமல் இரண்டு சைஸும் பிடித்துப் பார்.

இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பாய். இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ., இலக்கோ 10 மீட்டர். முன் சைட் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால் இலக்கில் 30 மி.மீ. விலகும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. என்பதால் பத்தில் விழ வேண்டியது ஆறுக்கோ ஏழுக்கோ போய்விடும். கை மொத்தமாக ஆடி, சைட்டுகள் நேராகவே இருந்தால், ஆடிய அளவுதான் விலகும். ஆக, ஆட்டத்தைவிட மணிக்கட்டுக் கோணல்தான் எதிரி. அதைச் சரிசெய்வது கிரிப்.

செதுக்கும் முறை: உள்ளங்கையில் சாக்கட்டித் தூளைத் தடவிப் பிடித்துவிட்டு எடு. மரத்தில் வெள்ளை ஒட்டாத இடத்தில் கை படவில்லை என்று அர்த்தம். அங்கே இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி புட்டியை மெல்லிசாக அப்பி, கிரிப்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கையை நீட்டிச் சுடும் நிலையிலேயே அழுத்திப் பிடி. உட்கார்ந்து மடியில் வைத்துப் பிடித்தால் மணிக்கட்டு நரம்புகள் வேறு மாதிரி நிற்கும், அச்சு தப்பாகிவிடும். காய்ந்ததும் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய். வழவழப்பாக்காதே, வியர்த்தால் வழுக்கும்.

அடியில் இருக்கும் கைத்தாங்கியை இறுக்கமாக ஏற்றி வைப்பது எல்லோரும் செய்கிற தப்பு. முதல் பத்து ஷாட் சுகமாக இருக்கும். கை சூடேறி வீங்கியதும் நாடித்துடிப்பு முன் சைட்டில் தெரியும். 1 அல்லது 2 மி.மீ. இடைவெளி விடு. தாங்கியின் ஓரத்தைப் புட்டி வைத்து மேல்நோக்கி வளைத்துவிடாதே, விதிப்படி அது கூடாது. கட்டைவிரல் மேடையைப் பெரிதாக்கினாலும் ஜாக்கிரதை. முழுப் பிஸ்டலும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். சோதனை மேஜையில் பெரும்பாலும் அந்த 50 மி.மீ. அகலம்தான் காலை வாரும்.

கிரிப் முடிந்த பிறகுதான் டிரிகரைத் தொடு. கை இடம் மாறினால் விரலும் மாறும், இன்று வைத்தது நாளைக்குப் பொருந்தாது. டிரிகர் நாக்கை முன்பின் நகர்த்தி, முதல் கணுவின் சதைப்பகுதி நடுவில் படும்படி வை. விரலின் பக்கவாட்டுக்கும் மரத்துக்கும் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் இழுக்கும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளுவாய், ஷாட் பக்கவாட்டில் போகும்.

டிரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 520-ல் வை. தட்பவெப்பத்தில் கொஞ்சம் இறங்கினாலும் தாங்கும். முதல் கட்டம் (விரல் தடுப்பில் முட்டும்வரை) 400, இரண்டாம் கட்டம் (அங்கிருந்து வெடிக்கும்வரை) 120 என்று ஆரம்பி. இரண்டாம் கட்டத்தை 50, 60 என்று இளக்கினால் கை இறங்கி நிலைக்கும் முன்னே வெடித்துவிடும். எந்தத் திருகு எதற்கு என்பதற்குக் கையேட்டைப் பார். தொடும் முன் ஒவ்வொன்றின் நிலையையும் குறித்துக்கொள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். வெடித்த பிறகு டிரிகரை நிறுத்தும் ஸ்டாப்பை, வெடிக்காத நிலை வரும்வரை உள்ளே திருகி, பிறகு அரைச் சுற்று வெளியே எடு. விளிம்பிலேயே விட்டால் ஒரு குளிர்ந்த காலையில் டிரிகர் வெடிக்காமல் நிற்கும். டிரிகரின் உள்கொக்கி கவ்வும் அளவையும் ரொம்பக் குறைக்காதே. பெல்லட் இல்லாமல் காக் செய்து (சுடும் நிலைக்குத் தயார்படுத்தி), உள்ளங்கையால் கிரிப்பின் பக்கத்தில் தட்டிப் பார். விடுபட்டால் அது ஆபத்து, உடனே கூட்டு.

சோதிக்க ஸ்பிரிங் தராசு வேண்டாம், எடைக்கல் போதும். பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரின் நடுவில் மாட்டி, மேஜையிலிருந்து மெதுவாகத் தூக்கு. நுனியில் மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடி, சரியான டிரிகரும் விடுபடும்.

சைட்டில் ஒன்றே சொல்கிறேன். முன் சைட்டின் இரு பக்கமும் தெரியும் வெள்ளையைக் குறுக்காதே. நம் வயதில் பள்ளம் அகலமாகவே இருக்கட்டும். கண்ணாடி போடுகிறாய் என்றால், தூரப்பார்வை பவருடன் 0.50 அல்லது 0.75 கூட்டிப் போட்டுப் பார்க்கச் சொல். கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட், கறுப்பு வட்டம் மங்கலாக இருந்தால் போதும்.

பெல்லட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 4.48 முதல் 4.52 மி.மீ. வரை தலை அளவில் கிடைக்கும். நாலைந்து வகையை, கிரிப்பைக் கழற்றி ஃபிரேமை வைஸில் பிடித்து, பத்துப் பத்தாகச் சுட்டுப் பார். காற்றுச் சிலிண்டரையோ பேரலையோ வைஸில் இறுக்காதே. பத்து ஷாட்டும் சேர்ந்த ஓட்டையின் வெளிவிளிம்பு 7 மி.மீ. வந்தால் அதையே நிறைய வாங்கி வை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரு 40 ஷாட்டாவது சுட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது கெடுத்தது என்று தேடியே ஒரு மாதம் போகும்.

பழைய பிஸ்டல் ஒன்றும் விலைக்கு வருகிறது என்றாயே. சிலிண்டரில் பொறித்த தேதியைப் படம் எடுத்து அனுப்பு. தயாரிப்பாளர் குறித்த ஆயுள், பெரும்பாலும் பத்து வருடம், தாண்டியிருந்தால் போட்டியில் விடமாட்டார்கள், புதுச் சிலிண்டரின் விலையையும் கணக்கில் சேர். 200 பார் ஏற்றி ஒரு ராத்திரி வைத்து, காலையில் அழுத்தத்தைப் பார். முள் இறங்கியிருந்தால் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவு, எந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிகிறது என்று குமிழி காட்டிக்கொடுக்கும். எண்ணெய் மட்டும் ஒரு சொட்டுக்கூட உள்ளே விடாதே. அந்த அழுத்தத்தில் பற்றிக்கொள்ளக்கூடும். கிரிப் வலது கைக்கா, எந்த சைஸ் என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
மாதவன்